ஊர் என்கிற கட்டம்

சோழங்கநல்லூர்,
5 ஜூன் 2023

அன்புள்ள அறிவுச்செல்வன்,

என் போனிலிருந்து அடித்தால் மணி ஒரு தடவை அடித்துவிட்டு நின்றுபோகிறது. ஆஸ்பத்திரி நம்பரிலிருந்து அடித்தாலும் அதே கதைதான். தங்கமணி சிஸ்டர் அடித்தால் மட்டும் எடுத்து, நலம் விசாரித்துவிட்டு, என் பெயர் வந்ததும் வைத்துவிடுகிறீர்களாம். சரி, தபாலைத் தடுக்கிற பட்டன் இன்னும் எந்தப் போனிலும் வரவில்லை. உங்கள் ஓசூர் விலாசத்தை உங்கள் அப்பாதான் கொடுத்தார்.

நீங்கள் மார்ச்சில் கோபித்துக்கொண்டு போன பிறகு இங்கே என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரிய வேண்டாமா? மாடிப்படிக்குக் கீழே இருக்கிற உங்கள் சர்வர் மே மாதத்தில் இரண்டு தடவை படுத்துக்கொண்டது. இரண்டாவது தடவை எழுந்திருக்கவே மூன்று நாளாயிற்று. பெயர்ச்சீட்டு போட முடியாமல் வரிசை தார் ரோடு வரைக்கும் போனது, அந்த வெயிலில். பழைய விவரம் எதுவும் தெரியாமல் டாக்டர்கள் குத்துமதிப்பாக எழுதினார்கள். ஒரு சர்க்கரை நோயாளிக்கு ஒரே மாத்திரையை இரண்டு பெயரில் எழுதிவிட்டோம். மருந்து ஜன்னலில் ஹமீதா பானு கவனித்திருக்காவிட்டால் அந்த அம்மாள் வீட்டுக்குப் போய் மயங்கி விழுந்திருப்பாள்.

தஞ்சாவூரிலிருந்து கம்ப்யூட்டர் தெரிந்த ஒருவரை வரவழைத்தேன். அவர் அரைமணி நேரம் பார்த்துவிட்டு, "இத செஞ்சவருதாங்க மேடம் இத தொடணும்" என்று காபி குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அதனால் டிரஸ்ட் ஒரு முடிவெடுத்திருக்கிறது. சென்னைக் கம்பெனி ஒன்றிடம் காசு கொடுத்து மென்பொருள் வாங்கப்போகிறோம். பழைய விவரங்களை எடுக்க உங்கள் கடவுச்சொல் வேண்டும். இந்த மாதக் கடைசிக்குள் அனுப்பினால் உதவியாக இருக்கும்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். எட்டு வருஷமாக எங்களிடம் இலவச மென்பொருள், சுதந்திரம் சுதந்திரம் என்று பேசினீர்கள். கம்பெனி மென்பொருள் வாங்கினால் சாவி அவர்கள் கையில் என்றீர்கள். கடைசியில் உங்கள் சர்வரைத் திறக்கத் தெரிந்தவர் ஊரிலேயே நீங்கள் ஒருவர்தான். எனக்கு எங்கே வந்தது சுதந்திரம்?

அன்புடன்,
ஸ்ரீவித்யா
(நிர்வாக அறங்காவலர்)


ஓசூர்,
14 ஜூன் 2023

மதிப்பிற்குரிய மேடம்,

அடைப்புக்குறிக்குள் பதவியைப் போட்டதற்கு நன்றி. இல்லாவிட்டால் யாரோ என்று நினைத்திருப்பேன்.

கடவுச்சொல்லை நான் கிளம்பிய அன்றே மூடிய கவரில் போட்டு, உங்கள் மேஜையின் வலதுபக்க இழுப்பறையில் வைத்தேன். கூடவே ஒரு நோட்டு, எதை எப்படித் திறப்பது, விழுந்தால் எப்படி எழுப்புவது என்று தமிழிலேயே எழுதியது. நீங்கள் அந்த இழுப்பறையைத் திறக்கவே இல்லை என்பது உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. சுதந்திரம் எங்கே என்று கேட்டீர்களே, அங்கேதான் இருக்கிறது.

கோபித்துக்கொண்டு போனேன் என்று எழுதியிருக்கிறீர்கள். பாலிடெக்னிக்கில் பாடம் நடத்திவிட்டு, தஞ்சாவூரிலிருந்து பைக்கில் வந்து, எட்டு வருஷம் அந்த மாடிப்படிக்குக் கீழே குனிந்து உட்கார்ந்து வேலை செய்தேன். பெட்ரோலுக்குக்கூட நான் கேட்டதில்லை. மார்ச் மீட்டிங்கில்தான் முதல் தடவையாக வாயைத் திறந்தேன். சம்பளத்துக்கு ஒரு ஆள் போடுங்கள், நான் கற்றுக்கொடுக்கிறேன், பேட்டரி மாற்றுங்கள், மின்சாரம் போகிறபோதெல்லாம் சர்வர் அடி வாங்குகிறது என்றேன். உங்கள் நாணு சித்தப்பா என்ன சொன்னார்? "இலவசம்னுதானேப்பா சொன்னே? இலவசத்துக்கு எதுக்குச் சம்பளம்?" போர்டு முழுக்கச் சிரித்தது. நீங்கள் சிரிக்கவில்லை, அதை மறக்கமாட்டேன். நீங்கள் பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தீர்கள். அதையும் மறக்கமாட்டேன்.

அந்த மென்பொருளை எழுதியவர்கள் எந்தெந்த நாட்டிலோ இருக்கிறார்கள். எடுத்துக்கொள், பிரித்துப் பார், மாற்றிக்கொள், அடுத்தவனுக்கும் கொடு என்று அனுமதி கொடுத்திருக்கிறார்கள். அந்த அனுமதிதான் இலவசம். உங்கள் ஆஸ்பத்திரியில் அது தினமும் ஓட ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளையும் சேர்த்து இலவசம் என்று நினைத்துக்கொண்டீர்கள்.

உங்கள் மேல் மட்டும் குற்றம் சொல்லவில்லை. என் தாத்தா உங்கள் வீட்டு நிலத்தில் நாற்றுப் பறித்ததற்குக் கூலி உண்டு. அதே நாளில் உங்கள் வீட்டு விறகைப் பிளந்ததற்கும் தொழுவத்தைக் கூட்டியதற்கும் கூலி கிடையாது. அது கணக்கிலேயே வராத வேலை. என் அப்பாவுக்கு இன்று சொந்தமாக நிலம் இருக்கிறது. இன்னமும் உங்கள் வீட்டைத் தாண்டுகிறவரை சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போகிறார்.

விவரங்களைப் புது மென்பொருளுக்கு மாற்றுவது, ஒரு பானையிலிருந்து இன்னொரு பானைக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலை கிடையாது. பக்கத்தில் நான் இருக்க வேண்டும். வருகிறேன். டிரஸ்ட் லெட்டர்ஹெட்டில், இன்ன வேலைக்கு இன்ன தொகைக்கு அழைக்கிறோம் என்று ஒரு ஆர்டர் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
அறிவுச்செல்வன்


சோழங்கநல்லூர்,
2 ஜூலை 2023

அன்புள்ள அறிவு,

கவர் இருந்தது, நோட்டும் இருந்தது. மேலே பழைய ஆடிட் பேப்பர்கள் கிடந்தன. இதற்கு நான் என்ன சாக்கு சொல்வது? மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஆர்டர் விஷயத்தை மீட்டிங்கில் வைத்தேன். "வேலைய விட்டுப் போனவனுக்கு ஆர்டரா? நாளைக்கு எல்லாரும் போயிட்டு லெட்டர் போடுவான்" என்றார் சித்தப்பா. மற்றவர்கள் தலையாட்டினார்கள். நான் ஒருத்தி மட்டும் எதிர்த்தேன். இந்தத் தடவை பேப்பரைப் புரட்டவில்லை.

கம்பெனிக்கு வருஷா வருஷம் கட்டப்போகிற பணம், நீங்கள் கேட்ட ஆளின் சம்பளத்தைவிட அதிகம். அது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். ஆனால் கம்பெனி பில் அனுப்புகிறது. பில் வந்தால் கட்ட எங்கள் போர்டுக்குத் தெரியும். ஒரு மனுஷன் நேரே வந்து நின்றால் பேரம் பேசத்தான் தெரியும். பம்பாயில் பாங்க் வேலையை விட்டுவிட்டு இந்த ஆஸ்பத்திரியை எடுத்து நடத்த வந்தபோது, அறங்காவலர் என்றால் ஏதோ அறத்துக்குக் காவல் என்று நம்பிக்கொண்டு வந்தேன். என்னைப் பார்த்து நீங்கள் சிரிக்கலாம்.

உங்கள் தாத்தாவைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்தேன். பதில் எழுத உட்கார்ந்து நாலைந்து தடவை அடித்துவிட்டேன். எதை எழுதினாலும் பொய்யாக இருக்கிறது.

கம்பெனியிலிருந்து சாய்ராம் என்று ஒருவர் வந்திருக்கிறார். நல்ல மாதிரியாகப் பேசுகிறார். மூன்று நாளில் மாற்றி முடித்துவிடலாம் என்கிறார். நீங்கள் வந்து ஒரு பார்வை பார்த்துவிட்டால் எனக்கு நிம்மதி. ஆர்டர் இல்லை. கேட்பது நான்தான்.

அன்புடன்,
ஸ்ரீவித்யா


ஓசூர்,
11 ஜூலை 2023

மதிப்பிற்குரிய மேடம்,

மூன்று நாளா? சாய்ராம் அவர்களுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, கீழே எழுதியிருப்பதை ஒரு எழுத்து விடாமல் படித்துக் காட்டுங்கள்.

நம் மென்பொருளில் ஒவ்வொரு நோயாளிக்கும் 'ஊர்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் ஊர் மட்டும் இல்லை. யாருக்கு எந்த மருந்து ஆகாது என்பதும் அதற்குள்தான் இருக்கிறது.

ஏன் அப்படி என்று அவர் கேட்பார். ஒவ்வாமைக்கென்று தனிப் பக்கம் அதில் இருக்கத்தான் செய்கிறது. உள்ளே உள்ளே போய்த் திறக்க வேண்டும். கூட்டத்தில் யாரும் திறக்கவில்லை. 2016இல் என் அப்பாவுக்கு பென்சிலின் ஊசி போட்டு, உதடு வீங்கி, மூச்சு முட்டி, தங்கமணி சிஸ்டர் காப்பாற்றினாரே, நினைவிருக்கிறதா? அன்றைக்குத்தான் யோசித்தேன். இங்கே எல்லோரும் சத்தமாக வாசிப்பது எதை? ஊரையும் பெயரையும்தான். சீட்டு போடுகிற இடத்தில், டாக்டர் அறை வாசலில், மருந்து ஜன்னலில், எங்கேயும் ஊர் சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். எங்கள் ஆட்களுக்கு ஊர் என்று எழுதுவது தெருப் பெயரைத்தான், அதனால் அப்பாவின் ஊர்க் கட்டத்தில் 'படுகைத்தெரு, பென்சிலின் ஆகாது' என்று அடித்து வைத்தேன்.

அடுத்த தடவை அப்பா போனபோது ஹமீதா பானு ஜன்னலிலிருந்து கத்தியிருக்கிறாள்: "படுகைத்தெரு பென்சிலின் ஆகாது ஐயாவு!" கூடமே சிரித்ததாம். அப்பாவும் சிரித்துக்கொண்டே வந்து என்னிடம் சொன்னார். அதற்குப் பிறகு சிஸ்டர்கள் எல்லோருக்கும் அப்படியே அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். எந்தப் பாடப்புத்தகத்தில் பார்த்தாலும் இது தப்பு. ஆனால் அதன் பிறகு நம் ஆஸ்பத்திரியில் ஒருவருக்கும் ஆகாத ஊசி போட்டதில்லை.

அந்தக் கட்டத்தை வெறும் ஊர் என்று நினைத்து இழுத்தால் மருந்து எச்சரிக்கை எல்லாம் போய்விடும். ஒவ்வொன்றாகப் பிரித்துப் புதிய இடத்தில் சேர்க்க வேண்டும். அதைத்தான் பக்கத்தில் உட்கார வேண்டும் என்றேன்.

நான் வரவில்லை. அப்பாவும் போன் பண்ணினார். "பாப்பா கேக்குதுடா, போயி முடிச்சுக் குடுத்துட்டு வந்துரு" என்றார். உங்களுக்கு ஐம்பது வயது தாண்டியும் அவருக்கு நீங்கள் பாப்பாதான். "கூப்டதும் நீங்க போனீங்கள்ல, அந்த மாதிரி நான் போகமாட்டேம்ப்பா" என்றேன். அவர் ஆற்றில் தண்ணீர் குறைச்சலாக வருகிறது, நாற்று காய்கிறது என்று வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

இப்படிக்கு,
அறிவுச்செல்வன்


சோழங்கநல்லூர்,
20 ஆகஸ்ட் 2023

அன்புள்ள அறிவு,

படித்துக் காட்டினேன். சாய்ராம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

புதிய மென்பொருளில் ஊரை நம் இஷ்டத்துக்கு அடிக்க முடியாது. ஒரு பட்டியல் வரும், அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். பழைய கட்டத்தில் இருப்பது பட்டியலோடு பொருந்தினால் அந்த ஊர் ஏறும். பொருந்தாவிட்டால் 'மற்றவை' என்று ஏறும். கூட எழுதியிருந்த எதுவும் வராது. எச்சரிக்கைகளைப் பிரித்தெடுத்துச் சேர்ப்பது ஒப்பந்தத்தில் இல்லாத வேலையாம். அதற்குத் தனியாக விண்ணப்பம், தனியாகக் கட்டணம். நான் அதை போர்டில் வைத்தேன். அடுத்த வருஷ பட்ஜெட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று முடித்துவிட்டார்கள்.

தங்கமணி சிஸ்டர் தன் நினைவிலிருந்தவரை ஒரு பெரிய சார்ட்டில் எழுதி ஊசி போடும் அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறார். உங்கள் அப்பாவின் பெயர்தான் முதலில். எல்லோரையும் நினைவு வைத்துக்கொள்ள அவரால் முடியுமா?

பொய் சொல்லமாட்டேன், மற்றபடி புதிய மென்பொருள் ஒழுங்காக ஓடுகிறது. நின்றுபோனால் ஒரு நம்பருக்கு அடிக்கிறோம், அந்தப் பக்கம் யாரோ எடுக்கிறார்கள். உங்கள் காலத்தில் எனக்கு அது கிடைத்ததில்லை. நீங்கள் பாடம் நடத்தி முடிக்கிற வரை நோயாளிகள் உட்கார்ந்திருப்பார்கள்.

பழைய சர்வர் இன்னும் மாடிப்படிக்குக் கீழேதான் இருக்கிறது. அதிலிருந்து எச்சரிக்கைகளைப் பிரித்துச் சேர்ப்பது உங்களுக்கு ஒரு மதிய வேலை என்று தங்கமணி சொல்கிறார். என் கையிலிருந்து தருகிறேன். தொகையை மட்டும் சொல்லுங்கள். தயவுசெய்து வாருங்கள்.

அன்புடன்,
ஸ்ரீவித்யா


ஓசூர்,
1 செப்டம்பர் 2023

மேடம்,

ஆமாம், ஒரு மதிய வேலைதான்.

உங்கள் கையிலிருந்து வாங்கினால் அது கூலி ஆகாது, இனாம். எங்கள் வீட்டில் இனாம் வாங்கியது போதும். நான் கேட்பது மூன்று வரியில் ஒரு ஆர்டர். கம்பெனிக்காரனுக்குக் கட்டுக்கட்டாகக் கையெழுத்துப் போட்டவர்களுக்கு எனக்கு மூன்று வரி எழுதக் கை வரவில்லையென்றால், அந்த வேலை உங்களுக்கு அவசரமில்லை என்று அர்த்தம்.

அதுவரை சுவரில் சார்ட் இருக்கிறதே. என் அப்பாவை வைத்து என்னை இழுக்காதீர்கள். அவரைத் தெரியாதவர் அந்த ஆஸ்பத்திரியில் யாரும் கிடையாது.

அறிவுச்செல்வன்


சோழங்கநல்லூர்,
9 நவம்பர் 2023

அறிவு,

சுடுகாட்டுப் பாதையில் என்னைப் பார்த்ததும் நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. இந்தக் கடிதத்தைப் படிக்காமல் கிழித்துப்போட்டாலும் சரி. நடந்ததை ஊரில் பல விதமாகச் சொல்கிறார்கள். நான் பார்த்ததையும் விசாரித்ததையும் உங்களுக்கு எழுத வேண்டியது என் கடமை.

வாய்க்கால் வெட்டும்போது மண்வெட்டி உங்கள் அப்பாவின் பாதத்தில் இறங்கி நாலைந்து நாளாகியிருந்தது. அவர் மஞ்சளை வைத்துக் கட்டிக்கொண்டு வயலுக்குப் போயிருக்கிறார். கால் முழங்கால் வரை வீங்கி, காய்ச்சல் வந்து, உடம்பு தூக்கித் தூக்கிப் போட்ட பிறகுதான் உங்கள் அம்மா ஆட்டோவில் கூட்டி வந்தார். அப்பாவால் பேச முடியவில்லை.

தங்கமணி சிஸ்டர் மகள் பிரசவத்துக்காகக் கும்பகோணம் போயிருந்தார். ஹமீதா பானுவுக்கு அன்று விடுமுறை. பணியில் இருந்தவர் டாக்டர் அஃப்ரீன், சேர்ந்து இரண்டு வாரம் ஆகவில்லை. அந்தப் பெண் செய்ய வேண்டியதைச் செய்தாள். "எந்த ஊசியாவது அவருக்கு ஒத்துக்காதாம்மா?" என்று உங்கள் அம்மாவிடம் கேட்டிருக்கிறாள். உங்கள் அம்மா, "எல்லாம் எம் மவன் கம்ப்யூட்டர்ல எழுதி வச்சிருக்காம்மா, அதுல பாருங்க" என்று சொல்லியிருக்கிறார்.

டாக்டர் பார்த்தாள். திரையில் 'ஒவ்வாமை: இல்லை' என்று இருந்தது.

அந்த 'இல்லை' எங்கிருந்து வந்தது என்று பிறகு சாய்ராமைக் கேட்டேன். "காலியா இருந்தா சிஸ்டமே இல்லைன்னு எடுத்துக்கும் மேடம். மாத்தணும்னா ரிக்வெஸ்ட் போடணும்" என்றார். நம் ஆஸ்பத்திரிக்கு வருகிற அத்தனை பேருக்கும், ஆகஸ்ட்டிலிருந்து, 'இல்லை' என்றுதான் இருந்திருக்கிறது. நான் தினமும் அந்தத் திரையைத் தாண்டித்தான் என் அறைக்குப் போவேன்.

சார்ட்? தீபாவளிக்கு முன்னால் வெள்ளையடிக்க வேண்டுமென்று கழற்றிச் சுருட்டி ஸ்டோரில் வைத்திருந்தார்கள். வெள்ளையடிக்கச் சொன்னவள் நான்.

ஊசி போட்டுக் கொஞ்ச நேரத்திலேயே உதடு தடித்தது. சத்தம் கேட்டு ஓடினேன். டாக்டரும் நர்ஸும் மாற்று மருந்து போட்டு, மூச்சுக் குழாய் வைக்கப் போராடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒன்றும் செய்யத் தெரியாது, கட்டிலின் கால்மாட்டில் போய் நின்றேன். அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு, அறிவு, அவர் எழுந்திருக்கப் பார்த்தார். நான் நிற்கிறேன், தான் படுத்திருக்கக் கூடாது என்று. நான் அவர் தோளை அழுத்திப் படுக்க வைத்தேன். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அன்றிலிருந்து நான் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. இதை எழுதுவது உங்களிடம் இரக்கம் கேட்பதற்காக இல்லை. வேறு யாரிடமும் சொல்ல முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

விசாரணைக்கு டாக்டர் அஃப்ரீன் பேரை எழுதிவிடலாம் என்றார் சித்தப்பா. நான் எழுத்தில் கொடுத்துவிட்டேன், தவறு நிர்வாகத்தினுடையது என்று. உங்கள் கடிதங்களின் நகலும் அதோடு இருக்கிறது. எச்சரித்திருந்தீர்கள். நான் போர்டில் வைத்தேன், வைத்ததோடு என் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

ஸ்ரீவித்யா


ஓசூர்,
21 நவம்பர் 2023

மேடம்,

கிழிக்கவில்லை.

அம்மா இப்போது என்னோடு இருக்கிறாள். தினமும் ஒரே கேள்வி. "நீ எழுதி வச்சது எங்கடா போச்சு?" எழுதியது எங்கேயும் போகவில்லை, மாடிப்படிக்குக் கீழே பத்திரமாக இருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் அடுத்த கேள்வி கேட்பாள். ஏன்டா போய் எடுத்துக் கொடுக்கலை என்று.

நீங்கள் போர்டைக் காட்டினீர்கள், நான் ஆர்டரைக் காட்டினேன். நான் கேட்டது நியாயம்தான் மேடம். இப்போதும் அது நியாயம்தான். அந்த நியாயத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்தக் கட்டத்தில் இன்னும் நானூறு பேருக்கு மேல் இருக்கிறார்கள். 'இல்லை'யை எடுத்தாயிற்றா?

அறிவுச்செல்வன்


சோழங்கநல்லூர்,
29 நவம்பர் 2023

அன்புள்ள அறிவு,

இல்லை. இன்னும் எடுக்கவில்லை. ஒவ்வொரு நோயாளியிடமும் வாயால் கேட்டு எழுதுகிறோம். பாதிப் பேர் உங்கள் அம்மா சொன்ன பதிலைத்தான் சொல்கிறார்கள், கம்ப்யூட்டரில் இருக்கிறது என்று.

இத்துடன் டிரஸ்ட் லெட்டர்ஹெட்டில் ஆர்டர் இருக்கிறது. நீங்கள் கேட்டபடி இன்ன வேலை, இன்ன தொகை என்று மூன்று வரி, சீல், நான்கு கையெழுத்து. சித்தப்பாவும் போட்டிருக்கிறார். மீட்டிங்கில் வைத்த காபி ஆறுவதற்குள் எல்லோரும் போட்டுவிட்டார்கள். ஜூனிலும் இவ்வளவு நேரம்தான் ஆகியிருக்கும்.

சம்பளத்துக்கு ஒரு ஆள் போடவும் தீர்மானம் ஆகியிருக்கிறது.

இதை உங்களுக்கு அனுப்ப எனக்கு வெட்கமாக இருக்கிறது. வரமாட்டேன் என்று நீங்கள் சொன்னால் அதுவும் சரி.

ஸ்ரீவித்யா


சோழங்கநல்லூர் ஆஸ்பத்திரி,
16 டிசம்பர் 2023

மேடம்,

நீங்கள் விசாரணைக்காகத் தஞ்சாவூர் போயிருப்பதாகத் தங்கமணி சிஸ்டர் சொன்னார். நல்லது. நேரில் பார்த்தால் என்ன பேசுவது என்று எனக்குத் தெரிந்திருக்காது. இதை உங்கள் மேஜைமேல் வைத்துவிட்டுப் போகிறேன். இழுப்பறையில் வைக்கவில்லை.

வேலை முடிந்தது. எல்லா எச்சரிக்கைகளையும் பிரித்து ஒவ்வாமைப் பக்கத்தில் ஏற்றியாயிற்று. ஒவ்வொன்றையும் சிஸ்டரும் நானும் ஹமீதா பானுவும் சேர்ந்து சத்தமாக வாசித்துச் சரிபார்த்தோம். காலியாக இருந்தால் 'இல்லை' என்று காட்டாமல் 'கேட்கவில்லை' என்று சிவப்பில் காட்டும்படி சாய்ராம் மாற்றிக் கொடுத்திருக்கிறார். அதற்கு விண்ணப்பம் எதுவும் வேண்டாம் என்றார். அவரும் சரியாகத் தூங்குவதில்லையாம்.

உங்கள் மென்பொருளைப் பற்றி இத்தனை நாள் கேவலமாகப் பேசியிருக்கிறேன். நல்ல மென்பொருள்தான். என்னுடையதும் நல்ல மென்பொருள்தான். இரண்டுக்கும் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டியிருந்தது.

டாக்டர் அஃப்ரீன் வந்து பக்கத்தில் நின்றார். அழுதார். "நீங்க கேட்டீங்கல்ல டாக்டர், கேக்கறது மட்டுந்தான் உங்க வேலை" என்றேன்.

என் பில் இத்துடன் இருக்கிறது. ஆர்டரில் உள்ள தொகைதான், ஒரு ரூபாய் குறைக்கவில்லை. இந்த ஆஸ்பத்திரியில் எனக்கு இதுதான் முதல் பில். அம்மாவிடம் சொன்னேன். "அந்தக் காச வீட்டுக்குள்ள கொண்டு வராதடா" என்றாள். எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இருந்தாலும் வாங்கிக்கொள்கிறேன். அடுத்து வருகிற ஆளுக்கு யாரும் இலவசமா என்று கேட்கக் கூடாது.

கடைசியாக அப்பாவின் பக்கத்தைத் திறந்தேன். திறக்காமலே போயிருக்கலாம். பென்சிலின் ஆகாது என்று ஏற்றினேன். இனி யாருக்கும் அது தேவையில்லை, ஆனாலும் ஏற்றினேன். அப்போதுதான் மேலே பார்த்தேன்.

பெயர்: ஐயாவு. ஊர்: மற்றவை.

பட்டியலில் சோழங்கநல்லூர் இருக்கிறது. படுகைத்தெரு இல்லை. எங்கள் தெருவில் ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லோருடைய பக்கத்திலும் 'மற்றவை' என்றுதான் இருக்கிறது. ஜன்னலில் இப்போது ஹமீதா பானு எங்கள் ஆட்களை ஊர் சொல்லாமல் வெறும் பெயரை மட்டும் கூப்பிடுகிறாள், என் காதால் கேட்டேன்.

பட்டியலைத் தொட சாய்ராமுக்கு அனுமதி இல்லையாம். அதற்கு விண்ணப்பமும் கட்டணமும் உண்டு என்றார். படுகைத்தெருவைச் சேர்க்க எவ்வளவு கேட்கிறார்கள் என்று விசாரியுங்கள். கேட்டதைக் கொடுத்துவிடுங்கள், மேடம். பேரம் பேசாதீர்கள்.

அறிவுச்செல்வன்